அட்மின் பாஸ்வேர்டு இல்லாமலே தமிழில் மனு தட்டலாம்

திருத்தணி கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு, தமிழில் தட்ட வேண்டும். கல்லூரி கணினிக் கூடத்தில் உட்கார்ந்து தமிழ் மென்பொருளை நிறுவப் பார்த்தால், அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கேட்டு நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

ஏன் கேட்கிறது?

'புரோகிராம் ஃபைல்ஸ்' போன்ற இடங்கள் எல்லாப் பயனர்களுக்கும் பொது. அங்கே எதை வைத்தாலும் அடுத்து உட்காருபவரையும் பாதிக்கும். அதனால்தான் பூட்டு. உங்கள் பயனர் கணக்குக்குள் செய்யும் மாற்றத்துக்குப் பெரும்பாலும் இந்தப் பாஸ்வேர்டு தேவையில்லை.

கீபோர்டு

தமிழ் தட்டத் தனி மென்பொருளே வேண்டாம். தமிழக அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, விண்டோஸ் 10-இன் 2019 மே பதிப்பு முதல் உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 11-இல்:

1. 'செட்டிங்ஸ்', 'டைம் அண்ட் லாங்வேஜ்', 'லாங்வேஜ் அண்ட் ரீஜன்' என வரிசையாகத் திறங்கள்.
2. 'ஆட் எ லாங்வேஜ்' அழுத்தித் தமிழைத் தேர்ந்தெடுங்கள். கூடுதல் வசதிகளுக்கான டிக்குகளை எடுத்துவிடுங்கள்.
3. தமிழுக்கு எதிரே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, 'லாங்வேஜ் ஆப்ஷன்ஸ்' வழியாகத் தமிழ்99 கீபோர்டைச் சேருங்கள்.
4. விண்டோஸ் பட்டனோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும். அவ்வளவுதான்!

எல்லை ஊர் என்பதால் தெலுங்கும் தேவைப்படலாம். அதற்கும் இதே வழிதான்.

எழுத்துரு

யூனிகோடு எழுத்துரு ஃபைலின் மேல் வலது கிளிக் செய்து 'இன்ஸ்டால்' கொடுங்கள். 'ஃபார் ஆல் யூசர்ஸ்' என்றால்தான் பாஸ்வேர்டு கேட்கும்.

மற்ற மென்பொருள்

லிப்ரே ஆபீஸுக்கு 'போர்ட்டபிள்' வடிவம் உண்டு. பென்டிரைவில் வைத்து அங்கிருந்தே இயக்கலாம். ஆனால் வைரஸ் பென்டிரைவிலும் வரும். பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செருகுங்கள்.

செய்யக் கூடாதவை

பாஸ்வேர்டை உடைக்கும் 'கிராக்' ஃபைல் பக்கமே போகாதீர்கள். தட்டுவதையெல்லாம் திருடும் நிரல் அதில் ஒளிந்திருக்கலாம். அதே கணினியில்தான் இன்னொருவர் ஆதார் எண்ணையும் ஓடிபியையும் தட்டப் போகிறார். மேலே சொன்ன வழிகளையும் நிர்வாகம் பூட்டியிருந்தால், பொறுப்பாளரையே நிறுவித் தரச் சொல்லுங்கள். அவருடைய பாஸ்வேர்டைக் கேட்காதீர்கள்.

பலர் பயன்படுத்தும் பொதுக் கணக்கு என்றால், மனுவைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, கணினியில் உள்ள பிரதியை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள்.