நாற்சில்லுச் செலுத்துகை வாகனத்தின் முன்னச்சு மூட்டுகள்: தேய்வும் திருத்தமும்

அலகு: வலு ஊடுகடத்தும் தொகுதி

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• முன்னச்சில் மூட்டு ஏன் தேவை என விளக்குவீர்கள்.
• மூட்டுத் தேய்வின் அறிகுறிகளை இனங்காண்பீர்கள்.
• திருத்தும் படிமுறையை ஒழுங்காகக் கூறுவீர்கள்.

அறிமுகம்

தம்பிலுவிலிலிருந்து சாகாமம் பக்கம் மாரிப்போகத்தில் வயலுக்குச் சென்றவர்கள், சேற்றில் புதையும் சில்லுகளைக் கண்டிருப்பீர்கள். பின்சில்லுகள் மட்டும் சுழலும் வாகனம் நின்றுவிடும் இடத்தில், நான்கு சில்லும் சுழலும் ஜீப் வண்டி ஏறிவிடும். ஆனால் முன்சில்லுக்கு இரண்டு வேலைகள் உண்டு. அது வாகனத்தை இழுக்கவும் வேண்டும். சுக்கானுக்கு ஏற்பத் திரும்பவும் வேண்டும். எனவே அச்சுத் தண்டு முழங்கை போல மடங்கிக்கொண்டே சுழல வேண்டும். இதற்காகவே மூட்டு பொருத்தப்படுகிறது.

மூட்டு வகைகள்

1. ஹூக் மூட்டு: சிலுவை வடிவத் துண்டொன்று இரு கவைகளை இணைக்கும். அமைப்பு எளியது. ஆயினும் தண்டுகள் ஒன்றுக்கொன்று சாய்ந்திருக்கும்போது, செலுத்தும் தண்டு சீராகச் சுழன்றாலும் செலுத்தப்படும் தண்டு ஒரு சுற்றில் இருமுறை வேகம் கூடி, இருமுறை குறையும்.

2. மாறா வேக மூட்டு: 1920களில் அல்பிரட் ரெப்பா என்ற பொறியியலாளர் அமைத்த வகை இது. உட்கிண்ணம், வெளிக்கிண்ணம், கூடு, ஆறு உருக்குக் குண்டுகள் ஆகியன இதில் உள்ளன. தண்டுகள் எவ்வளவு சாய்ந்தாலும், குண்டுகள் அச்சாய்வுக் கோணத்தை இருசமமாகப் பிரிக்கும் தளத்திலேயே நிற்கும். ஆகவே இரு தண்டுகளின் வேகமும் எப்போதும் சமம். டொயோட்டா லாண்ட் குறூசர் 40, 60, 80 தொடர்களின் முன்னச்சில் இவ்வகையே உண்டு. நமது கராஜ்களில் இதனைப் 'பேர்பீல்ட்' என்பர்.

தேய்வின் அறிகுறிகளும் காரணங்களும்

• சுக்கானை முழுதாகத் திருப்பி, முன்சில்லுகளுக்கு வலுக் கொடுத்து ஓட்டும்போது 'டக் டக்' என்ற ஒலி: குண்டுகளின் தவாளிப்புகள் தேய்ந்துள்ளன.
• சில்லின் உட்பக்கம் கறுத்த எண்ணெய் வழிதல்: உள் ஒயில் சீல் பழுதடைந்து, டிப்ரன்சல் ஒயில் மூட்டுக்குள் வந்து கிறீசைக் கரைத்துள்ளது.
• உயர்த்திய சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது அசைவு: சில்லுப் போதிகை அல்லது திருப்பு முளைப் போதிகை தளர்ந்துள்ளது.

கரையோரத்தில் உப்புநீரும் மணலும் பெரிய பகை. பழுதான சீல் வழியாக உப்புநீர் புகுந்தால் குண்டுகள் துருவேறிக் குழி விழும். கடல்நீரில் மூழ்கிய வாகனத்தின் மூட்டைக் கழற்றிப் பார்க்காமல் ஓட்டுதல் கூடாது.

வீட்டில் திருத்தும் படிமுறை

(தகுந்த வளர்ந்தவர் ஒருவரின் மேற்பார்வையில் மட்டும்)

1. சமதரையில் நிறுத்தி, பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க. சில்லுச் சுரைகளைச் சற்றுத் தளர்த்துக.
2. ஜக்கினால் உயர்த்தி, அச்சின் கீழ் உறுதியான தாங்கிகள் வைக்க. டிப்ரன்சல் ஒயிலை வடிக்க.
3. சில்லைக் கழற்றுக. பிரேக் பகுதியைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தூக்கி வைக்க. குழாயில் தொங்கவிடின் குழாய் பழுதாகும்.
4. ஹப், போதிகைகள், முளைத்தண்டு ஆகியவற்றை ஒழுங்காகக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே துணியில் அடுக்குக.
5. அச்சுத் தண்டை மூட்டுடன் நேராக வெளியே இழுக்க.
6. மண்ணெண்ணெயில் கழுவுக. பெற்றோல் பாவித்தால் தீப்பற்றும் அபாயம் உண்டு.
7. குண்டு, கூடு, தவாளிப்பு ஆகியவற்றை வெளிச்சத்தில் பார்க்க. குழி அல்லது வெடிப்பு இருப்பின் புதிய மூட்டு இடுக.
8. உள் ஒயில் சீலைக் கட்டாயம் மாற்றுக. மொலிப்டினம் டைசல்பைட்டு கலந்த கிறீசை மூட்டினுள் அழுத்தி நிரப்புக.
9. எதிர் வரிசையில் பூட்டுக. போதிகை இறுக்கத்தைக் கைந்நூலில் உள்ள அளவுக்கே வைக்க. ஒயில் ஊற்றி, பிரேக்கைச் சோதித்த பின்னரே மெதுவாக ஓட்டிப் பார்க்க. சிறிது தூரம் ஓடியபின் சில்லுச் சுரைகளை மீண்டும் இறுக்குக.

நினைவிற் கொள்க: ஜக் உயர்த்துவதற்கே, தாங்கி நிறுத்துவதற்கு அல்ல. ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழ் புகுந்தவர்கள் உயிரிழந்துள்ளனர். ஐந்து நிமிட வேலையாயினும் தாங்கி வைத்த பின்னரே கை வைக்க.

மாதிரி வினா விடை

வினா 1: 30 பாகை சாய்வுள்ள ஹூக் மூட்டின் செலுத்தும் தண்டு நிமிடத்திற்கு 300 சுற்றுகள் சுழல்கிறது. செலுத்தப்படும் தண்டின் இழிவு, உயர்வு வேகங்கள் யாவை? (கோசைன் 30 பாகை = 0.866)
விடை: இழிவு = 300 × 0.866 = ஏறத்தாழ 260. உயர்வு = 300 ÷ 0.866 = ஏறத்தாழ 346. இவ்வேறுபாடே சுக்கானில் அதிர்வாக உணரப்படும்.

வினா 2: சிறிதளவே தேய்ந்த மாறா வேக மூட்டுகளை இடம் வலம் மாற்றிப் பூட்டுவது ஏன்?
விடை: முன்னோக்கி ஓடும்போது தவாளிப்பின் ஒரு பக்கமே சுமை தாங்கித் தேயும். மறுபக்க அச்சில் பூட்டினால், மூட்டு எதிர்த்திசையில் சுழன்று தேயாத பக்கம் சுமையைத் தாங்கும். குழி விழுந்த மூட்டுக்கு இது பொருந்தாது.

வினா 3: புதிய மூட்டு இட்டும் பழைய ஒயில் சீலை விட்டால் என்ன நேரும்?
விடை: ஒயில் மீண்டும் கசிந்து கிறீசைக் கரைக்கும், உராய்வு கூடிப் புதிய மூட்டும் விரைவில் தேயும். விளைவை மட்டும் அன்றி, காரணத்தையும் நீக்குவதே திருத்தமாகும்.