பால் கொடுக்கிற தாய்க்கு எந்தக் குளிசை?

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ-32 வீதியில், இலுப்பைக்கடவை போன்ற ஒரு கரையோர ஊரில், பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் இரண்டு யோசனை எழும்: மருந்தை விடு, இல்லையென்றால் பாலை நிறுத்து. பெரும்பாலும் இரண்டுமே வீண். தாய் விழுங்குவதில் மிகச் சிறு பங்குதான் பாலுக்குள் போகிறது. ஆகவே எந்த மருந்து என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

காய்ச்சலுக்கும் தலையிடிக்கும் பனடோல், இபுபுரோபன் இரண்டுமே பாலுக்கு ஒத்துவரும். ஆனாலும் காய்ச்சலென்றால் பனடோல்தான் என்பேன். மாரி மழையோடு டெங்கு வரும். டெங்குவில் இபுபுரோபனும் அஸ்பிரினும் இரத்தக்கசிவைக் கூட்டும். பனடோல் 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக்கூடாது. மெலிந்த உடம்புக்கு அதிலும் குறைவு. கோடீன் கலந்த வலிக் குளிசையைத் தொடவேண்டாம். கனடாவில் 2005இல் ஒரு பச்சைப்பிள்ளை இறந்தது. தாயின் உடம்பு கோடீனை வேகமாக மோர்பினாக மாற்றியதே காரணமென்று அந்நாட்டு மருத்துவர்கள் எழுதினார்கள். அதைப் பிறகு கேள்விக்குட்படுத்தியவர்களும் உண்டு. ஆனால் 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கோடீனோடு டிரமடோலையும் பால் கொடுப்போருக்கு வேண்டாம் என்றது.

தடிமனுக்கு வாங்கும் மருந்திலும் பால் குறையக்கூடும். மூக்கடைப்புக் குளிசைகளில் சூடோஎபெட்ரின் இருக்கிறதா என்று பாருங்கள். அதை 60 மில்லிகிராம் ஒரே வேளை எடுத்த தாய்மாரில் அன்றைய பால் ஏறத்தாழ கால்வாசி குறைந்ததை 2003இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வு காட்டியது. உப்புநீர்ச் சொட்டும் ஆவியும் போதும். தும்மலுக்குப் பிரிட்டோன் குளிசை எடுத்தால் பிள்ளையும் சேர்ந்து தூங்கி வழியக்கூடும். லோரட்டடின் அல்லது செற்றிரிசின் நல்லது.

குடும்பக் கட்டுப்பாட்டில் மிதுரி போன்ற, ஈஸ்ட்ரஜன் சேர்ந்த குளிசை பாலைக் குறைக்கலாம். ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். டெப்போ ஊசி ஆறு கிழமைக்குப் பிறகு போடலாம். மாதக்கணக்கை மறக்கக்கூடியவர்களுக்குச் செப்பு லூப் இன்னும் நல்லது. அதில் மருந்தே இல்லை.

மார்பு கட்டிக் காய்ச்சல் வந்து மருத்துவர் குளோக்சசிலின் தந்தால் அதை எடுத்துக்கொண்டே கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். நிறுத்தினால் கட்டு முற்றும்.

பால் போதவில்லை என்றால்? முருங்கை இலை, உள்ளி, பால்சுறா எல்லாம் சாப்பாடாக நல்லதே. சுறாவில் மட்டும் பாதரசம் அதிகம்; பத்தியம் என்று நாள்தோறும் சமைக்காதீர்கள், சூடை, சாளை இருக்கின்றன. டொம்பெரிடோன் பாலைக் கூட்டும், ஆனால் இதயத் துடிப்பைக் குழப்பவும் கூடும். கடையில் கேட்டு வாங்கும் மருந்தல்ல. முதலில் பிள்ளை சரியாக வாய் வைக்கிறதா என்று மருத்துவமாதைப் பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கடி உறிஞ்சுவதை வெல்ல ஒரு குளிசையும் இல்லை. (மார்பில் மல்லிகைப்பூ கட்டினால் பால் வற்றும் என்ற பாட்டிமார் பேச்சை வேலூரில் சோதித்துப் பார்த்தார்கள், 1988இல் வெளிவந்த முடிவு பாட்டிமார் பக்கம்தான்.)

கிளினிக்கிலோ பாமசியிலோ நோயைச் சொல்லுமுன் பிள்ளையின் வயதைச் சொல்லுங்கள். குறைமாதப் பிள்ளையோ, ஒரு மாதம் ஆகாத பிள்ளையோ என்றால், மேலே நல்லது என்றவற்றையும் கேட்டபிறகே விழுங்குங்கள்.