டிக்கெட் வாங்கியவரை வெளியே போகச் சொல்லலாமா?

கேள்வி: டெக்சாஸில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். ஓர் இசை நிகழ்ச்சிக்குப் போனபோது, பார்க்கிங்கில் கார் டிக்கியைத் திறந்துவைத்து நண்பர்களோடு பீர் குடித்தோம். செக்யூரிட்டி வந்து, "இங்கே குடிக்கக் கூடாது, கிளம்புங்கள், இல்லையென்றால் அத்துமீறல் வழக்கு" என்றார். டிக்கெட்டுக்கும் பார்க்கிங்குக்கும் பணம் கட்டியவர்கள் மேல் அப்படி வழக்குப் போட முடியுமா?
(வாசகர், டல்லாஸ்)

பதில்: முடியும். ஆனால் நீங்கள் குடித்ததற்காக அல்ல, போகச் சொன்ன பிறகும் நின்றால்.

21 வயது நிரம்பியவர் திறந்தவெளியில் பீர் குடிப்பதை டெக்சாஸ் சட்டம் ஒட்டுமொத்தமாகத் தடுக்கவில்லை. அந்தத் தடை அரங்கத்தாருடையது. இடம் அவர்களுடையது, டிக்கெட் என்பது உள்ளே வர அவர்கள் தரும் அனுமதி மட்டுமே. அதை அவர்கள் திரும்பப் பெறலாம். பெற்றுக்கொண்ட நிமிடத்திலிருந்து நீங்கள் அந்நியர். குற்றவியல் சட்டம் 30.05-ஆம் பிரிவின்படி, போகச் சொன்ன பிறகும் நிற்பதே அத்துமீறல். 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். எழுத்தில் நோட்டீஸ் வேண்டியதில்லை. உரிமையாளர் சார்பில் பேசுபவர் வாயால் சொன்னாலே போதும். (அந்த ஊரில் வேலிக் கம்பத்தில் ஊதாப் பெயிண்ட் அடித்திருந்தாலே 'நுழையாதே' என்று சட்டப்படி அர்த்தம்!) கட்டிய பணம் சிவில் விவகாரம். அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். செக்யூரிட்டியிடம் நின்று வாதாடி வாங்க முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. 'கிளம்புங்கள்' என்றதும் யார் வண்டியை எடுத்தது? பார்க்கிங் தனியார் இடம்தானே என்று நினைக்காதீர்கள். பொதுமக்கள் வந்துபோகும் இடமென்றால், போதையில் வண்டி ஓட்டும் வழக்குக்கு அதுவும் பொது இடமே. ரத்தத்தில் மது அளவு 0.08 இருந்தால் போதும். ஏசிக்காக இன்ஜினைப் போட்டுவிட்டுச் சீட்டில் தூங்கியவர்கள் மீதும் அங்கே வழக்கு பாய்ந்திருக்கிறது. தண்டனையானால் குறைந்தது 72 மணி நேரம் சிறை. பக்கத்தில் திறந்த பாட்டில் இருந்தால் 6 நாள். வழக்கு இல்லாவிட்டாலும், சாலைக்கு வந்துவிட்டால் ஆட்கள் உட்காரும் பகுதியில் திறந்த பாட்டில் இருப்பதே தனிக் குற்றம். மிச்சத்தை டிக்கியில் வைத்து மூடுங்கள். குடிக்காதவர் ஓட்டட்டும், அப்படி ஒருவரும் இல்லையென்றால் வாடகைக் கார்.

உங்கள் விசாவுக்கு இது சாதாரண விஷயமல்ல. போதையில் ஓட்டியதற்காகக் கைதானாலே, தீர்ப்புக்குக் காத்திராமல் விசா முத்திரையை ரத்து செய்யும் வழக்கம் 2015 முதல் இருக்கிறது. உடனே நாட்டைவிட்டு அனுப்ப மாட்டார்கள். ஆனால் ஊருக்கு வந்தால், புது முத்திரை இல்லாமல் திரும்ப முடியாது. அதற்கு முன் மருத்துவப் பரிசோதனையும் கேட்பார்கள். அன்று உங்கள் குழுவில் யாராவது அப்படிக் கைதாகியிருந்தால், விமான டிக்கெட் எடுக்குமுன் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள்.