பசி விளையாட்டும் நம் வீட்டுப் பிள்ளைகளும்



உங்கள் வாலிப மகனோ மகளோ தடித்த ஆங்கில நாவலொன்றில் மூழ்கிக் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். கதை என்னவென்று கேட்டால், பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்லும் விளையாட்டு என்பார்கள். உடனே புத்தகத்தைப் பிடுங்கி வைக்கத் தோன்றும். பிடுங்குமுன், அதில் என்ன இருக்கிறதென்று சற்று ஆராய்வோம்.

இவை எவ்வகை நூல்கள்?

வருங்காலத்தில் ஒரு கொடுங்கோல் அரசு நடப்பதாகக் கற்பித்து, அதன் கீழ் இளம்பிள்ளைகள் எப்படிப் பிழைக்கிறார்கள், எப்படி எதிர்த்து நிற்கிறார்கள் என்று சொல்லுபவை. லோயிஸ் லௌரி 1993-ல் எழுதிய "தி கிவர்" இவற்றில் முந்தியவற்றுள் ஒன்று. சுசான் காலின்ஸ் 2008-ல் வெளியிட்ட "தி ஹங்கர் கேம்ஸ்", அதாவது பசி விளையாட்டு, உலகெங்கும் பரவிற்று.

கதை யாது?

பானெம் என்பது நாட்டின் பெயர். லத்தீனில் அப்பம் என்று பொருள். முன்னொரு காலம் கலகம் செய்ததற்குத் தண்டனையாக, 12 மாவட்டங்களும் ஆண்டுதோறும் ஓர் ஆண்பிள்ளையையும் ஒரு பெண்பிள்ளையையும் சீட்டுக் குலுக்கி அனுப்பவேண்டும். வயது 12 முதல் 18. அந்த 24 பேரில் ஒருவரே உயிரோடு திரும்பலாம். 12 வயதுத் தங்கையின் பெயர் விழவே, 16 வயதுக் காட்னிஸ் தானே முன்வந்து அவளுக்குப் பதிலாகப் போகிறாள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, பசி. ஏழைப் பிள்ளைகள் தானியமும் எண்ணெயும் பெற, குலுக்கலில் தங்கள் பெயர்ச்சீட்டை மேலும் மேலும் போடுகிறார்கள். காட்னிஸின் பெயர் 20 முறை கிடக்கிறது; அவள் தோழன் கேலின் பெயர் 42 முறை. பசியே அவர்களைக் கட்டும் கயிறு. இது வெறும் கற்பனையென்று நாம் தள்ளிவிட முடியாது. நம் கல்வராயன் மலையில் ஜாகிர்தார்களின் ஆட்சி நடந்த காலத்தில், மலைவாசிகள் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. அந்த ஆட்சி 1976-ல்தான் முடிந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். அக்காலத்தை நேரில் கண்டவர்கள் இன்றும் மலையில் இருக்கிறார்கள். பிள்ளைகள் அவர்களிடம் கேட்டு அறியட்டும்.

இரண்டாவது, பிழைப்பு. காட்னிஸின் தகப்பன் சுரங்க விபத்தில் மடிந்தான். தாய் துக்கத்தில் செயலற்றுப் போனாள். 11 வயதிலேயே குடும்பப் பாரம் அந்தச் சிறுமியின் தோளில் விழுந்தது. 2024 ஜூன் மாதம் நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நஞ்சு கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. தாயையும் தகப்பனையும் ஒருங்கே இழந்த பிள்ளைகளும் உண்டு. அரசு உதவித் தொகையும் படிப்புச் செலவும் அறிவித்தது. ஆனால் "சாப்பிட்டாயா?" என்று கேட்பது அண்டை வீட்டாரின் கடமை. கதையிலும், பசியால் துவண்ட காட்னிஸுக்கு அப்பக்கடைக்காரன் மகன் பீட்டா, தாயிடம் அடிபட்டும், கருகிய இரண்டு அப்பங்களை எறிகிறான். அவள் மறுபடி பிழைக்கத் துணிந்தது அந்த அப்பத்தால்தான்.

மூன்றாவது, எதிர்ப்பு. இது நாலாங் கற்பனையை மீறத் தூண்டாதோ என்று சிலர் அஞ்சுவார்கள். பெற்றோருக்கும் பெரியோருக்கும் கீழ்ப்படிவது நன்று; அநியாயத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லவில்லை. மக்கபேயர் ஆகமத்தில் ஏழு சகோதரர் அரசனுக்கு இணங்க மறுத்ததை நாமே பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறோமே! ஆனால் அவர்கள் யாரையும் கொல்லவில்லை என்பதையும் மறக்கலாகாது.

இவ்விடத்தில்தான் பெற்றோர் அருகிருக்க வேண்டும். கதை முடிவில் கலகம் வெல்கிறது. காட்னிஸ் காக்கப் புறப்பட்ட தங்கையோ குண்டுக்குப் பலியாகிறாள். வென்ற கட்சித் தலைவி காயின், தோற்றவர்களின் பிள்ளைகளைக் கொண்டு அதே விளையாட்டை இன்னொரு முறை நடத்தலாம் என்கிறாள். பீட்டா முடியாது என்கிறான். காட்னிஸோ சம்மதம் என்கிறாள். பிறகு தன் அம்பைக் காயின்மேலேயே எய்கிறாள். கொடுங்கோலை எதிர்த்தவர்கள் தாங்களே கொடுங்கோலர் ஆகலாம் என்று ஆசிரியை எச்சரிக்கிறார். அம்பு எய்ததை நாம் மெச்ச வேண்டியதில்லை, எச்சரிக்கையை ஏற்கலாம்.

சிறு பிள்ளைகளுக்கு இந்நூல் ஆகாது, கொலைகள் மிகுதி. வளர்ந்த பிள்ளைகள் படித்தால் நீங்களும் கதையைக் கேளுங்கள். சாப்பாட்டு வேளையில் இக்கேள்விகளைப் போட்டுப் பாருங்கள்:

1. பசித்தவனுக்குக் கடன் கொடுத்துக் கட்டிவைப்பது நம் ஊரில் இன்றும் உண்டா?
2. வகுப்பில் தகப்பனில்லாத பிள்ளை யார்? அவனோடு யார் பேசுகிறார்கள்?
3. அநியாயத்தை எதிர்க்கும்போது பகையை மனதில் சேர்க்காமல் இருப்பது எப்படி?

மூன்றாம் கேள்விக்கு உடனே விடை வராது. வராவிட்டால் பாதகமில்லை, அடுத்த ஞாயிறு மறுபடி கேளுங்கள். தகப்பனிடம் இப்படிப் பேசப் பழகிய பிள்ளை, மனதிலுள்ளதை வீட்டிலேயே சொல்லும்.