இருமலும் தாமதமும்

இராயபுரம் முதல் எண்ணூர் வரை துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் உழைப்போர், இருமல் கண்டால் புகையும் தூசியுமே காரணமென்றெண்ணி நாள் கடத்துகின்றனர். சில சமயம் அது க்ஷயரோகத்தின் முதற்குறியாயிருக்கும்.

தாமதத்திற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. அன்றைய கூலி போய்விடும். நோய் வெளிப்பட்டால் பெண்ணுக்கு வரன் அமையாது. குடும்பத்தைப் பிரிய நேரும் என்னும் அச்சங்களே பெருந்தடையாகும்.

பிரிவைப் பற்றிய அச்சத்தைச் சென்னை நகரமே நீக்கிற்று. 1956-ல் இங்குத் தொடங்கிய ஆராய்ச்சியில், ஏழை நோயாளிகளுள் ஒரு பகுதியார் சானடோரியத்திலும் மற்றையோர் தத்தம் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகளை உட்கொண்டனர். இட நெருக்கடிமிக்க வீடுகளில் இருந்தோரும் ஏறக்குறைய மற்றவர் அளவிற்கே குணமடைந்தனர். அவர்தம் குடும்பத்தாருக்கும் அதனால் அதிக அபாயம் விளையவில்லை. 1959-ல் இம்முடிவு வெளிவந்தது.

ஆகவே, குடும்பத்திற்குக் கேடு செய்வது சிகிச்சையன்று, தாமதமே. மருந்துண்ணாத நோயாளியின் இருமலால் கிருமி குழந்தைகளையும் பற்றும். தக்க மருந்தை ஒழுங்காக உண்டாலோ, பிறரைத் தொற்றும் தன்மை விரைவில் குறையும்; பெரும்பாலோர் ஆறு மாதங்களில் குணமடைவர்.

இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதித்தல் வேண்டும். அரசினர் ஆஸ்பத்திரிகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சங்க அங்கத்தினர்கள் இருமுபவரை ஒதுக்காமல், உடன் அழைத்துச் செல்வார்களாக.