'காண்டிட்' என்னும் ஆங்கிலச் சொல்

அந்நிய பாஷையைக் கற்போரை அரிய சொற்கள் தடுக்கும். எளிய சொற்களோ ஏமாற்றும். அரிய சொல்லைக் கண்டவுடன் அகராதியைத் தேடுகிறோம். எளிய சொல்லை முன்பே அறிந்துவிட்டதாக எண்ணிக் கடந்து செல்கிறோம். அவ்வாறு ஏமாற்றுஞ் சொற்களுள் ஒன்று 'காண்டிட்' என்பது. 'ஒளிவு மறைவின்றிப் பேசுகின்ற' என்று பொருள் எழுதிக்கொண்டு நம் மாணாக்கர் அமைந்துவிடுகின்றனர். அது பிழையன்று, ஆயினும் பாதிப் பொருளே. மற்றைப் பாதியை அறியாமையால் விளையுந் தீங்கு இலக்கணப் பிழையினும் பெரிது. ஆதலின் இச்சொல்லின் வரலாற்றையும் வழக்கையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பிறப்பு

இதன் தாய்மொழி இலத்தீன். அம்மொழியில் வெண்மையைக் குறிக்க இரு சொற்கள் உண்டு. ஒளியற்ற வெண்மை 'ஆல்புஸ்'. ஒளி வீசும் வெண்மை 'காண்டிடுஸ்'. பின்னதன் பகுதிக்கு ஒளிர்தல் என்பது பொருள். மெழுகுவர்த்தியைக் குறிக்கும் 'காண்டில்' என்பதும், கொத்துவிளக்கைக் குறிக்கும் 'ஷாண்டிலியர்' என்பதும் அப்பகுதியிற் பிறந்தவையே.

தேர்தற்காலத்தில் நாம் கேட்கும் 'காண்டிடேட்' என்னுஞ் சொல்லும் இக்குடும்பத்தது. பண்டை ரோமாபுரியிற் பதவியை நாடியோர், தம் மேலாடையைச் சீமைச்சுண்ணத்தால் வெளுப்பேற்றி அணிந்து, மக்களிடை உலாவி ஆதரவு வேண்டினர். கி.மு. 64இல், தம்மோடு கான்சல் பதவிக்குப் போட்டியிட்டோரைக் கண்டித்துச் சிசரோ செனட் சபையில் நிகழ்த்திய சொற்பொழிவு அவ்வெள்ளாடையின் பெயராலேயே வழங்குகின்றது. முன்னாளில் 'அபேட்சகர்' என்றும் இந்நாளில் 'வேட்பாளர்' என்றும் நாம் கூறுவோர்க்கு ஆங்கிலத்தில் அப்பெயர் வந்தது இவ்வாறே. ஆடையின் வெண்மையைச் சுண்ணம் தரும். உள்ளத்தின் வெண்மை அவ்வாறு வருவதன்று.

பொருள் மாறிய வரலாறு

ஆங்கிலத்தில் இச்சொல் 17ஆம் நூற்றாண்டில் 'வெண்மையான' என்னும் பொருளோடு புகுந்தது. அப்பொருள் விரைவில் அருகியது. அடுத்து, 'கறையற்ற உள்ளமுடைய, பிறரை நடுநிலையோடும் நல்லெண்ணத்தோடும் மதிக்கின்ற' என்னும் பொருள் ஓங்கிற்று. 1755இல் வெளிவந்த ஜான்சன் அகராதி, வெண்மைப் பொருளை அரிய வழக்கென ஒதுக்கி, தீய எண்ணமின்மையை முன்னிறுத்துகின்றது.

இதனை அறியாதார் இடர்ப்படும் இடமொன்று காட்டுவோம். ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' என்னும் நாவலில் எலிசபெத் தன் தமக்கை ஜேனை 'காண்டிட்' என்று புகழ்கின்றாள். இக்காலப் பொருளைக் கொள்ளின் இது பெரிதும் முரண்படும். ஏனெனில், ஜேன் தன் காதலை வெளிக்காட்டாத இயல்பினள். அவ்வடக்கத்தைக் கண்டே டார்சி என்பான் அவளுக்குக் காதலே இல்லையென்று மயங்குகின்றான். அவளோ எவரிடத்தும் நன்மையையே காண்பவள். குற்றத்தை எளிதில் ஏற்காதவள். அதனாலேயே அவள் 'காண்டிட்'.

பிறரை நல்லெண்ணத்தோடு காண்பவன் என்னும் பொருளினின்று, உள்ளதை உரைப்பவன் என்னும் பொருள் மேலோங்கியது எங்ஙனம்? வஞ்சமற்றவனுக்கு மறைக்க வேண்டுவது ஒன்றுமில்லை. ஆதலின் அவன் பேச்சும் திறந்திருக்கும். காரணத்தின் பெயர் இவ்வாறு காரியத்துக்கும் ஆயிற்று. நாளடைவில் காரியம் நின்றது, காரணம் மறைந்தது. 1798இலேயே ஜார்ஜ் கானிங் என்னும் அரசியலறிஞர் தம் அங்கதச் செய்யுள் ஒன்றில், நேர்நின்று எதிர்க்கும் பகைவனினும் 'காண்டிட்' நண்பனே அஞ்சத்தக்கவன் என்னும் கருத்தமைத்தார். நட்பின் பெயராற் குத்துவோன் என்னும் ஏளனம் அன்றே இச்சொல்லிற் படியலாயிற்று.

1930ஐ ஒட்டி இச்சொல் நிழற்படக் கலையிலும் இடம்பெற்றது. எரிக் சாலமன் என்னும் ஜெர்மானியர், சிறு காமிராவைக் கொண்டு, நீதிமன்றத்திலும் நாடுகளின் மாநாடுகளிலும் இருந்தோரை அவர் அறியா வண்ணம் படமெடுத்தார். அத்தகைய படங்கள் 'காண்டிட்' எனப்பட்டன. ஈண்டுத் திறந்திருப்பது படமெடுக்கப்பட்டவரின் முகம். எடுப்பவரின் செயலோ மறைவானது! சொற்கள் செல்லும் வழி இத்தகைய விந்தையுடையது.

ஒத்த சொற்கள்

'பிராங்க்' என்பது பிராங்கர் என்னுஞ் சாதியார் பெயரினின்று வந்தது. அவர் ஆண்ட நாட்டில் அவரே முழுச் சுதந்தரமுடையோர். ஆகவே அச்சொல் தடையற்றது என்னும் பொருளதாயிற்று. 'பிராங்க்' அச்சமின்மையை உணர்த்தும். 'காண்டிட்' கறையின்மையை உணர்த்தும். 'ஓப்பன்' என்பது மூடாத கதவைப் போன்ற இயல்பைச் சுட்டும். ஒருவனிடத்து 'காண்டிட்' ஆயிருத்தலை உரைக்குங்கால் 'வித்' என்னும் இடைச்சொல்லும், ஒரு பொருளைப்பற்றி எனின் 'அபௌட்' என்பதும் வரும். இதன் பண்புப்பெயர் 'காண்டர்'.

தமிழில் 'வெள்ளை உள்ளம்' என்பது இதற்கு மிக அணித்தாய தொடர். இரண்டிடத்தும் வெண்மையே குணமாயிற்று. ஆயினும் ஓர் எச்சரிக்கை. தமிழில் வெண்மை அறிவின்மையையும் குறிக்கும். திருக்குறளில் 'புல்லறிவாண்மை' அதிகாரத்தில் அப்பொருளிலேயே அது வருகின்றது. ஆங்கிலச் சொல்லுக்கு அவ்விழிவு இல்லை. பிரெஞ்சு ஆசிரியர் வால்டேர் 1759இல் வெளியிட்ட கதையின் நாயகனாகிய பேதை இளைஞன் 'காந்தீத்' என்னும் பெயரில் மட்டும் அவ்விரு வெண்மையும் கலந்து நிற்பதைக் காணலாம். ஆகவே மொழிபெயர்ப்போர், நோக்கைக் குறிக்குமிடத்து 'நடுநிலையான', 'கபடமற்ற' என்றும், பேச்சைக் குறிக்குமிடத்து 'மனந்திறந்த' என்றும் இடமறிந்து எழுதுக.

ஓர் அநுபவம்

யான் மாணாக்கனாயிருந்த காலத்து, எங்கள் இலக்கியச் சங்கத்தில் நண்பன் ஒருவன் தன் முதற் கட்டுரையைப் படித்தான். கருத்துரைக்க எழுந்த யான், 'காண்டிட் ஆகச் சொல்லுகிறேன்' என்று தொடங்கி, அதன் பிழைகளை ஒன்றுவிடாது எண்ணினேன். சபையோர் நகைத்தனர். நான் கூறியவற்றுள் பொய் ஒன்றுமில்லை. ஆயினும், அக்கட்டுரையில் நன்றாயிருந்த இரண்டு பத்திகளை யான் கண்டும் உரைத்திலேன். நகைப்பைப் பெறும் ஆசை என் நாவை ஆண்டது. அவன் மீண்டும் அச்சங்கத்திற் படித்ததேயில்லை. பல்லாண்டு கழித்து இச்சொல்லின் வரலாற்றை அறிந்தபோதுதான், அன்று யான் செய்த பிழை இன்னதென விளங்கிற்று. குற்றத்தை மறையாமற் சொன்ன யான் குணத்தை மறைத்துவிட்டேன். அஃது எங்ஙனம் 'காண்டிட்' ஆகும்? சுண்ணம் பூசிய ஆடையே யான் அன்று அணிந்திருந்தது.

மாணாக்கர்களே! ஒருவர் எழுத்தைத் திருத்தவும், தோழர் தவற்றை எடுத்துரைக்கவும் உங்களுக்குக் காலம் வரும். அக்காலத்து இச்சொல்லை நாவில் எடுக்குமுன் அதன் இரு பாதியையும் நினைமின். முதலில் கண் வெண்மையாகுக. பின்னர் வாய் திறக்குக. குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே கண்டவன் கூறும் கடிய உரையையும் கேட்போர் பொறுப்பர். அதனாற் பயனும் பெறுவர்.