பாடம்: சாவி யாரிடம் இருக்கிறது?



2004 டிசம்பர் 26. சிங்கப்பூரில் வேலை செய்த ஓர் இளைஞர் சுனாமிச் செய்தி கேட்டு, புதுச்சேரி அருகே நல்லவாடு மீனவர் கிராமத்திலுள்ள தம் வீட்டுக்குப் போன் செய்தார். ஊரார் கிராம அறிவு மையத்தின் கதவை உடைத்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் எல்லாரையும் வெளியேறச் சொன்னார்கள். வீடுகளும் படகுகளும் போயின. 3,600-க்கும் மேற்பட்ட மக்கள் பிழைத்தார்கள்.

போன் மட்டும் காப்பாற்றவில்லை. கடல் நிலவரம் சொல்லச் சொல்லி மக்களுக்குப் பழகிப்போன ஒலிபெருக்கி அது. அதனால்தான் கேட்டவுடன் நம்பினார்கள்.

சரி, நம்ம தாமான்ல என்ன செய்யலாம்?

1. மலேசிய வானிலைத் துறையின் தொடர்மழை எச்சரிக்கையைப் பார்க்க ஒருவரை நியமியுங்கள். மஞ்சள் என்றால் விழிப்பு, ஆரஞ்சு கடுமை, சிவப்பு அபாயம்.

2. புலனம் பார்க்காத தாத்தா பாட்டி வீட்டுக் கதவை யார் தட்டுவது? பெயர் எழுதி வையுங்கள்.

3. கோயில் ஒலிபெருக்கியில் யார் பேசுவது? நள்ளிரவில் சாவி யாரிடம்? ஆலய நிர்வாகத்திடம் இப்போதே பேசிவிடுங்கள்.

4. பருவமழைக்கு முன்பே மேட்டுப் பகுதிக்குப் போகும் வழியை ஒருமுறை சேர்ந்து நடந்து பாருங்கள்.

கலந்துரையாட: இன்றிரவே வெள்ளம் வந்தால், நம் பட்டியலில் விடுபட்ட வீடு எது?